வேர் பிடிக்கும் வேலி

காஷ்மீரில் வீட்டோரம் ஊன்றிய வில்லோ கம்பு மரமாகிறது. வரமும் அதுதான், வம்பும் அதுதான்.

கிரிக்கெட் ரசிகர்களுக்குக் காஷ்மீர் வில்லோ என்றால் பேட். காஷ்மீர் கிராமத்து வீடுகளிலோ அது கொல்லைப்புறத்துக் காவலாளி. கீரைப் பாத்திக்கும் பக்கத்து வீட்டு மாட்டுக்கும் நடுவே நிற்கிறது. உள்ளூர்ப் பெயர், வீர்.

செலவில்லாத வேலி. பனி உருகியதும், மொட்டு விரியும் முன், கட்டைவிரல் பருமனுள்ள கம்புகளை வெட்டி ஒன்றரை அடி ஆழத்தில் ஊன்றுகிறார்கள். இடைவெளி சுமார் ஓர் அடி. கம்புகளைச் சாய்த்துக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிவிட்டால் உயிருள்ள தட்டி தயார். கிளுவைக் கம்பு நட்டு வேலி போட்டவர்களுக்கு இதில் அதிசயம் இருக்காது. வில்லோவின் பட்டைக்கு அடியில் வேர் அரும்புகள் முன்கூட்டியே உறங்கிக்கொண்டிருக்கும். ஈரம் பட்டதும் விழித்துக்கொள்ளும். முதல் ஆண்டில் மட்டும் தண்ணீர் தவறக் கூடாது, களை மண்டக் கூடாது.

பலனும் உண்டு. கழித்த கிளைகள் அடுப்புக்கு, இலைகள் ஆட்டுக்கு. பின்னலுக்கு ஏற்ற வகையாக இருந்தால் மெல்லிய குச்சிகள் கூடைக்கும், குளிர்காலத்தில் கணப்புச் சட்டியைப் பொதிந்து வைக்கும் காங்கிரிக்கும் போகும்.

பிரச்சினை, வில்லோவின் தாகம். அதன் வேர்கள் ஈரத்தைத் தேடிப் போகும். விரிசல் விட்ட சாக்கடைக் குழாய்க்குள்ளும் புகுந்து அடைக்கும். களிமண் நிலத்தில் பெரிய மரம் நீரை உறிஞ்சினால் மண் சுருங்கி, அஸ்திவாரமே ஆட்டம் காணலாம். எனவே சுவரிலிருந்தும் குழாயிலிருந்தும் பத்து மீட்டராவது தள்ளி நடுவது நல்லது. ஒவ்வொரு குளிர்காலமும் கழித்துவிட்டால் வேலி வேலியாகவே இருக்கும். சில ஆண்டுகள் மறந்தால் தோப்பாகிவிடும்.

தோப்பானால் என்ன ஆகும் என்பதற்கு ஊலர் ஏரியே சாட்சி. விறகுக்காக ஏரிப் படுகையிலேயே வில்லோ நட்டார்கள். மரங்கள் ஜீலம் நதி கொண்டுவந்த வண்டலைப் பிடித்து வைத்தன. ஏரி சுருங்கியது. 1990இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற இந்த ஏரியை மீட்கப் போடப்பட்ட திட்டம், சுமார் 21 லட்சம் மரங்களை அகற்றச் சொன்னது. நட்டது எளிது. பிடுங்குவதற்குத்தான் கோடிகள் தேவைப்பட்டன.

இன்று பல ஊர்களில் தகர வேலியும் சிமென்ட் சுவரும் வந்துவிட்டன. அவற்றைக் கழிக்க வேண்டியதில்லை. ஆனால் அடுப்புக்கு விறகோ ஆட்டுக்குத் தழையோ தகரம் தராது.

குளிர் இல்லாத சமவெளியில் இருப்பவர்கள் வில்லோவைத் தேடி அலைய வேண்டாம். கிளுவையும் கிளிரிசிடியாவும் போதும். எந்த மரமானாலும் நடுவதற்கு முன் ஒரு கேள்வி: வருடா வருடம் அரிவாள் எடுக்க வீட்டில் ஆள் இருக்கிறதா?