கல்விக்கு முன் ஈராண்டு: இயேசு சபை நவதுறவியரின் வாழ்வும் பணியும்

கண்காணியாகத் தெரிந்துகொள்ளப்படுகிறவர் நூதன சீஷராயிருத்தலாகாது என்று 1 தீமோத்தேயு 3:6 அறிவுறுத்துகின்றது. அவ்விடத்துக் கிரேக்கச் சொல்லுக்குப் ‘புதிதாய் நடப்பட்ட செடி’ என்பது நேர்ப்பொருள். அதே அதிகாரத்தின் 10ஆம் வசனம், உதவிக்காரர் பணியில் அமர்த்தப்படுமுன் சோதித்தறியப்பட வேண்டுமென்கின்றது. இவ்வசனங்களை நாம் குருப்பட்ட ஆராதனைகளில் பயபக்தியோடு வாசிக்கின்றோம். ஆயினும் எவ்வாறு சோதிப்பது, எவ்வளவு காலம் சோதிப்பது, யார் சோதிப்பது என்னும் வினாக்களுக்கு நம்மிடையே தெளிவான விடை உண்டென்று சொல்லுதல் அரிது. அரைமணி நேர நேர்முகத் தேர்வு, ஊர்ச் சபைக் குருவின் நற்சான்று, பின்னர் மூன்று அல்லது நான்கு ஆண்டுப் பாடங்கள் ஆகியவற்றோடு நாம் நின்றுவிடுகின்றோம்.

கத்தோலிக்கத் துறவற சபைகள் இவ்வினாக்களுக்கு வேறொரு விடை கண்டுள்ளன. (‘சபை’ என்று அவர்கள் சொல்லுமிடத்து நாம் ஞாயிறுதோறும் கூடும் சபையை எண்ணலாகாது, பொதுவான ஓர் ஒழுங்கின்கீழ் வாழும் துறவியர் குழுவையே அவர்கள் அவ்வாறு அழைக்கின்றனர்.) துறவு வாழ்வை நாடி வருபவர் முதலில் ‘நவதுறவி’ ஆகின்றார். அவர் தங்கிப் பயிலும் இடம் நவதுறவியர் இல்லம். அதன் முடிவில்தான் ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்னும் மூன்று ‘வார்த்தைப்பாடுகளை’ அவர் எடுக்கின்றார். நாம் ‘பொருத்தனை’ என்பதை அவர்கள் வார்த்தைப்பாடு என்கின்றனர். இம்முறைக்கு எடுத்துக்காட்டாக இக்கட்டுரையில் இயேசு சபையாரின் பயிற்சியை மட்டும் ஆராய முற்படுகின்றோம். தமிழ் இறையியல் மாணவருக்கு அது முற்றிலும் அந்நியமானதன்று. 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகரும், 1693இல் ஓரியூரில் உயிர் துறந்த அருளானந்தரும், தேம்பாவணி ஆசிரியராகிய வீரமாமுனிவரும் இப்பயிற்சியைக் கடந்து வந்தவர்களே. அண்மைக் காலத்தில், 2013இல் போப்பாகத் தெரிந்துகொள்ளப்பட்டு 2025இல் மறைந்த பிரான்சிஸ் அவர்களும் 1958இல் அர்ஜென்டினாவில் நவதுறவியாகத் தம் பயிற்சியைத் தொடங்கியவரே.

இச்சபையை நிறுவிய இஞ்ஞாசியார் போர்வீரராயிருந்தவர். 1521இல் பம்பலோனாக் கோட்டைப் போரில் கால் முறிந்து படுக்கையில் கிடந்தபோது மனமாற்றம் பெற்றார். 1540இல் போப் மூன்றாம் பவுல் இயேசு சபைக்கு அங்கீகாரம் அளித்தார். அதன்பின் அதன் சட்டங்களை வகுக்கையில், நவதுறவுக் காலத்தை இஞ்ஞாசியார் இரண்டு ஆண்டுகளாக விதித்தார். அக்காலத்துத் துறவு மடங்களில் ஓராண்டே வழக்கம். 1563இல் திரெந்து சங்கமும் குறைந்தது ஓராண்டையே கேட்டது. இன்றைய கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டமும் (1983) பன்னிரண்டு மாதங்களுக்குக் குறையாமலும் இரண்டு ஆண்டுகளுக்கு மேற்படாமலும் இருக்க வேண்டுமென்கின்றது.

நமக்கு வியப்பளிப்பது காலத்தின் நீளம் மட்டுமன்று. கல்வியில் பெயர் பெற்ற சபை இது. ஐரோப்பாவெங்கும் கல்லூரிகளை நிறுவிய சபை. அத்தகைய சபை தன்னிடம் வருபவரின் முதல் ஈராண்டுகளில் தத்துவ நூலையோ இறையியல் நூலையோ பாடமாக வைப்பதில்லை. தம் சபையின் வரலாறும் சட்டங்களும், ஜெபவாழ்வும், திருமறை வாசிப்பும், சிறிது மொழிப்பயிற்சியும் உண்டு. மற்ற நேரம் தோட்டம், சமையலறை, கழிப்பறை, நோயாளியின் படுக்கையருகு. பட்டதாரியாக வந்தவருக்கும் பள்ளியிறுதி முடித்து வந்தவருக்கும் ஒரே ஒழுங்கு. பட்டப் படிப்பு பின்னர் வரும், நீண்ட ஆண்டுகள் வரும். அதற்கு முன்னர் இம்மனிதர் யார் என்பதை அவரும் அறிய வேண்டும், சபையும் அறிய வேண்டும்.

இதற்கென இஞ்ஞாசியார் ஆறு சோதனைகளை விதித்தார். முதலாவது ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ என்னும் முப்பது நாள் மௌன தியானம். தன் பாவ நிலை, கிறிஸ்துவின் வாழ்வு, அவருடைய பாடுகள், உயிர்த்தெழுதல் என நான்கு பகுதிகளாக அது நடைபெறும். நாளொன்றுக்கு நான்கு அல்லது ஐந்து மணி நேர ஜெபம் உண்டு. வழிநடத்துபவரோடு மட்டும் சிறிது நேரம் உரையாடலாம். இரண்டாவது, ஒரு மாதம் மருத்துவமனையில் நோயாளிகளுக்குப் பணிவிடை. மூன்றாவது, ஒரு மாதம் கையில் காசின்றிப் பயணம். இரந்து உண்டு, கிடைத்த இடத்தில் உறங்கி, வசதிக் குறைவுக்குப் பழக வேண்டும். நான்காவது, இல்லத்தில் மிகத் தாழ்வாகக் கருதப்படும் வேலைகள். ஐந்தாவது, சிறுவருக்கும் எழுத்தறியாதவருக்கும் விசுவாச போதனை. ஆறாவது, பிரசங்கமும் அதனைச் சார்ந்த பணிகளும். இவற்றின் வரிசையும் அளவும் ஆளுக்கும் இடத்துக்கும் ஏற்ப மாறலாம் என்று சட்டமே இடம் தருகின்றது. இன்று மருத்துவமனைக்குப் பதிலாக முதியோர் இல்லத்துக்கோ, மனவளர்ச்சி குன்றியோர் காப்பகத்துக்கோ அனுப்புவதும் உண்டு.

இவ்வரிசையில் பிரசங்கம் கடைசியில் நிற்பதை வாசகர் கவனித்திருப்பர். நம் கல்லூரிகளில் முதலாண்டு மாணவன் வந்திறங்கிய முதல் மாதத்திலேயே பிரசங்கபீடத்தில் ஏற்றப்படுகின்றான்.

மருத்துவமனைச் சோதனையின் தோற்றம் வெனிஸ் நகரில் உள்ளது. 1537இன் தொடக்கத்தில் இஞ்ஞாசியாரின் தோழர்கள் பாரிசிலிருந்து கால்நடையாக அங்கு வந்துசேர்ந்தனர். எருசலேம் செல்லக் கப்பலுக்காகக் காத்திருந்த மாதங்களில் இரண்டு மருத்துவமனைகளில் பணி செய்தனர். அவற்றுள் ஒன்று தீராநோயாளர்க்கு உரியது. பின்னாளில் நம் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியாரும் அவர்களுள் ஒருவர். பாரிசில் பட்டம் பெற்றுத் தத்துவம் கற்பித்தவர். படுக்கைகளைத் தட்டிப் போடுவதும், புண்களைக் கழுவுவதும், இறந்தோரை அடக்கம் செய்வதும் அவர்களுடைய வேலைகளாயின. இஞ்ஞாசியார் சட்டம் எழுதியபோது இல்லாததொன்றைப் புனையவில்லை. தாமும் தம் தோழரும் கடந்து வந்த வழியையே விதியாக்கினார்.

இச்சோதனைகளில் ஒரு நுட்பம் உண்டு. மருத்துவமனையிலிருந்து திரும்பும் நவதுறவி அங்குள்ளோரிடமிருந்து தம் நடத்தையைக் குறித்துச் சான்று பெற்று வர வேண்டும். பயணத்துக்கும் அவ்வாறே. நவதுறவியரின் ஆசிரியர் மாணவரோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்து அவரை நன்கறிந்தவர்தாம். எனினும் அவருடைய கணிப்பு மட்டும் போதாது என்பது இதனால் விளங்கும். ஏழைகளுக்கு உதவுவது இதன் உடனடி நோக்கமன்று என்பதும் விளங்கும். நோயாளிக்கு நன்மை கிட்டுகின்றது, ஐயமில்லை. ஆனால் சோதிக்கப்படுபவர் பணி செய்ய வந்தவரே.

சமையலறையைப் பற்றிச் சட்டநூல் தரும் அறிவுரை இன்னும் கூர்மையானது. நவதுறவி சமையற்காரரின்கீழ் வேலை செய்கையில், தலைவருக்குக் கீழ்ப்படிவது போலவே அவருக்கும் கீழ்ப்படிய வேண்டும். சமையற்காரரும் ‘தயவுசெய்து இதைச் செய்யுங்கள்’ என்று வேண்டிக்கொள்ளாமல், அடக்கத்தோடு ‘இதைச் செய்’ என்று கட்டளையிடுவதே நலம் என்கின்றது. வேண்டிக்கொண்டால், மனிதனுக்கு மனிதன் இணங்குவதாய் முடியும். குருத்துவம் பெற்றவர் சமையற்காரரின் சொல்லுக்கு ஆண்டவர் பொருட்டுக் கீழ்ப்படிவதாய் அமையாது என்பது கருத்து. சாதிப்படி நிலைகள் சமையலறையிலும் புகுந்துள்ள நம் நாட்டில் இவ்விதியின் கனம் ஐரோப்பாவில் உள்ளதைவிட மிகுதி என்று நாம் எண்ணுகின்றோம்.

ஸ்தனிஸ்லாஸ் கோஸ்கா என்னும் போலந்து நாட்டுப் பிரபு மகனின் வரலாறு இதற்குச் சான்று. தந்தையின் எதிர்ப்புக்கு அஞ்சி வியன்னா நகரத்து இயேசு சபையார் அவனைச் சேர்க்கத் தயங்கினர். 1567இல் அவன் வியன்னாவிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டு ஜெர்மனியின் தில்லிங்கன் நகரை அடைந்தான். அங்கிருந்த பேதுரு கனீசியு, கற்றறிந்த இறையியலாளர். சீர்திருத்த இயக்கத்தோடு வாதிட்டவர் என நாம் அறிந்தவர். அவர் அவ்விளைஞனுடைய விசுவாச அறிக்கையை ஆராய்ந்துகொண்டிருக்கவில்லை. மாணவர் விடுதியில் பந்தி பரிமாறவும் அறைகளைத் துப்புரவு செய்யவும் அமர்த்தினார். சில வாரங்களுக்குப்பின் ரோமாபுரிக்கு அனுப்பினார். அங்கு நவதுறவியாக ஓராண்டும் நிறைவுறாமல், 1568 ஆகஸ்டு 15ஆம் நாள் தம் பதினெட்டாம் வயதில் அவர் இறந்தார்.

சில ஆண்டுகளுக்கு முன் இத்தகைய ஓர் இல்லத்தில் இரண்டு நாள் விருந்தினராய்த் தங்கும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. காலை உணவுக்குப் பின் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த இளைஞர் ஒருவரோடு பேச்சுக் கொடுத்தோம். பொறியியல் படித்தவர். மிகக் கடினமாயிருந்தது எது என வினவினோம். முப்பது நாள் மௌனம் என்பார் என எதிர்பார்த்தோம். “இல்லை ஐயா, பிச்சை கேட்பதுகூடக் கடினமாயில்லை. நான் யாரென்று சொல்லாமல் கேட்பதுதான் கடினமாயிருந்தது. ‘சாமியாருக்குப் படிக்கிறேன்’ என்று வாய்வரை வரும்; விழுங்குவேன்” என்றார். சபையின் பெயரையும் வெள்ளுடுப்பையும் முன்னிட்டே கதவுகள் திறக்கக் கண்டு பழகிய நமக்கு, அவ்விடை எளிதில் மறக்கக்கூடியதாயில்லை.

அதே இல்லத்தில் முந்தின வாரம் ஒருவர் வீடு திரும்பியிருந்தார். அவர் பெயரை மறைக்காமல், வருத்தத்தோடும் அன்போடும் பேசிக்கொண்டனர். முற்காலத்தில் இவ்வாறு செல்பவர் எவரிடமும் விடைபெறாமல் இரவோடிரவாகச் சென்றுவிடுவது பல மடங்களில் வழக்கமாயிருந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் அவ்வழக்கம் மங்கியது. உண்மையில் இந்த ஈராண்டுகள் உள்ளே வருவதற்கு மட்டுமல்ல, வெளியே செல்வதற்கும் உரிய காலம். வார்த்தைப்பாட்டுக்கு முன்னர் நவதுறவி எந்நாளும் விலகலாம். சபையும் அவரை அனுப்பிவிடலாம். தோல்வி என்னும் பழி எவர்மீதும் விழ வேண்டியதில்லை.

இவ்விடத்தில் நம் தவறொன்றை ஒளிக்காமல் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். பல ஆண்டுகளுக்கு முன், கடைசியாண்டு மாணவர் ஒருவர் இரவு ஜெபத்துக்குப்பின் நம் வீட்டுக்கு வந்து, தமக்கு அழைப்பு இல்லையென்று இப்போது உணர்வதாகக் கண்ணீரோடு சொன்னார். திருமண்டலம் அவருக்காகச் செலவிட்டிருந்தது; ஊரார் வழியனுப்புக் கூட்டம் நடத்தி மாலையிட்டு அனுப்பியிருந்தனர்; தாயார் அவரைக் கருவிலேயே பொருத்தனை பண்ணியிருந்தார். நாம் அவருக்குச் சொன்ன ஆலோசனை, ‘படிப்பை முடித்துவிடும், தம்பி, குருப்பட்டம் பெற்றபின் எல்லாம் சரியாகும்’ என்பதே. அவர் முடித்தார், குருப்பட்டமும் பெற்றார். ஒன்பது ஆண்டுகள் பலிபீடத்தண்டை நின்று, பின்னர் விலகினார். அந்த ஒன்பது ஆண்டுகளின் கசப்பை அவரும், அவர் மனைவியும், மூன்று சபைகளும் சுமந்தனர். அவர் வீட்டுக்குத் திரும்பிப் போகக்கூடிய ஒரு வாசலை நம் ஒழுங்கு அமைத்திருக்கவில்லை. அன்றிரவு நாமாவது அதைத் திறந்திருக்கலாம்.

இவற்றையெல்லாம் கேட்கும் நம் மாணவர் லுத்தரை நினைவுகூர்வது இயல்பே, நினைவுகூரவும் வேண்டும். அவரும் நவதுறவியாயிருந்தவர். 1505 ஜூலையில் எர்ஃபுர்ட் நகரத்து அகுஸ்தீனார் மடத்தில் சேர்ந்து, அடுத்த ஆண்டில் பொருத்தனை செய்து, 1507இல் குருவானார். மடத்தார் அவரிடம் குறை காணவில்லை. ஆனால் அவரை வாட்டிய கேள்வி, இரக்கமுள்ள தேவனை எவ்வாறு கண்டடைவேன் என்பது, எந்தச் சோதனைப் பட்டியலிலும் அகப்படவில்லை. 1521இல் வார்ட்பர்க் கோட்டையிலிருந்து அவர் எழுதிய துறவறப் பொருத்தனை பற்றிய நூல், அப்பொருத்தனைகள் விசுவாசத்துக்கும் கிறிஸ்தவ விடுதலைக்கும் முரணானவை என வாதிட்டது. கிரியையால் தேவதயவைச் சம்பாதிக்கும் முயற்சியாகச் சோதனை மாறும் ஆபத்து கற்பனையானதன்று. தலைவருக்குப் பிணம்போல் கீழ்ப்படிதல் என்று இஞ்ஞாசியார் கையாண்ட உவமை நம்மை இன்றும் அதிரச் செய்கின்றது. மனச்சாட்சியை மனிதன் கையில் ஒப்படைக்க நாம் இசையோம்.

ஆயினும் சீர்திருத்தத் தந்தையர் பழுதையும் பயனையும் பிரித்தறிந்தனர். 1530இன் அவுக்ஸ்புர்க் அறிக்கை, 27ஆம் பகுதியில் பொருத்தனைகளைக் கண்டிக்கையிலேயே, பண்டை மடங்கள் திருமறைக் கல்விச்சாலைகளாயிருந்து திருச்சபைக்குப் போதகரை அளித்ததை ஒப்புக்கொள்கின்றது. கால்வினும் தம் பெருநூலின் நான்காம் புத்தகத்தில் அவ்வாறே எழுதுகின்றார். 1935இல் பொன்ஹோபர் ஃபின்கன்வால்டில் நடத்திய குருமாணவர் இல்லத்தில் காலை மாலைப் பொது ஜெபமும், அரைமணி நேர மௌன தியானமும், ஒருவருக்கொருவர் பாவ அறிக்கையும் இருந்தன. அங்கும் துறவுமட வாடை வீசுகின்றதெனப் பலர் முகம் சுளித்தனர். 1936இல் கார்ல் பார்த்தும் அதுபற்றித் தம் ஐயத்தை அவருக்கு எழுதினார். 1937இல் இரகசியப் போலீசார் அவ்வில்லத்தை மூடினர். நம் மண்ணில் 1921இல் திருப்பத்தூரில் சவரிராயன் ஏசுதாசனும் எர்னெஸ்ட் பாரஸ்டர் பேட்டனும் தொடங்கிய கிறிஸ்துகுல ஆசிரமம், ஜெபவாழ்வையும் மருத்துவப் பணியையும் ஒரே நாளின் ஒழுங்கில் இணைத்தது. அவ்விருவரும் மருத்துவர்கள், சீர்திருத்த மரபினர்.

நம் மாணவருள் மணமானவர் உண்டு, பெண்கள் உண்டு, பெற்றோரைக் காக்க வேண்டியவர் உண்டு. அவர்களைக் காசின்றி நெடுஞ்சாலையில் அனுப்ப நம்மால் இயலாது, அனுப்பவும் வேண்டுவதில்லை. ஈராண்டு கல்வியை நிறுத்திவைக்கத் திருமண்டலங்கள் இசையப் போவதுமில்லை. ஆனால் மருத்துவமனை மாதம் நம் கைக்கெட்டியதே. ஞாயிறு பிற்பகலில் ஒரு மணி நேரம் வார்டைச் சுற்றிவந்து, கைப்பிரதி கொடுத்து, மதிப்பெண் பெறும் இப்போதைய ஏற்பாட்டை நாம் குறிப்பிடவில்லை. முதலாண்டு வகுப்புகள் தொடங்குமுன், மாணவன் என்ற அடையாளமின்றி, கழிகலம் எடுக்கும் பணியாளரோடு முப்பது நாள் பணி செய்வதையே குறிப்பிடுகின்றோம். திரும்புகையில் ஒரு சான்றுக் கடிதம் வேண்டும். அதை எழுத வேண்டியவர் மருத்துவமனைக் குருவானவர் அல்லர், வார்டின் மூத்த செவிலியர். அவருக்கு எழுத நேரமில்லையெனில், கல்லூரி ஆசிரியர் ஒருவர் பேருந்தேறிச் சென்று அவரிடம் நேரில் கேட்டு வரலாம். வரும் கல்வியாண்டில் இதை நம் ஆசிரியர் குழுவில் முன்வைக்க எண்ணியுள்ளோம்.