ஆம், இல்லை, தெரியாது

பரமத்தி வேலூர்ப் பகுதியில், ஜேடர்பாளையத்தில் காவிரியிலிருந்து பிரியும் ராஜவாய்க்காலின் நீரால் வெற்றிலைக் கொடிக்கால்கள் செழிக்கின்றன. கொடிக்காலுக்கு நீர் பாய இரண்டு நிபந்தனைகள் உண்டு. வாய்க்காலில் நீர் ஓட வேண்டும். மடையும் திறந்திருக்க வேண்டும். இவை ஒவ்வொன்றும் மெய்யாகவோ பொய்யாகவோ இருக்கும். மெய், பொய் என்னும் இரண்டையே கொண்டு கணக்கிடும் இயற்கணிதத்துக்கு அடிகோலியவர் ஜார்ஜ் பூல் (1815–1864) என்னும் ஆங்கிலக் கணித அறிஞர்.

மடை மூடியுள்ளது, வாய்க்காலில் நீர் ஓடுகிறதா என்பது மட்டும் தெரியவில்லை என்று கொள்வோம். அப்போதும் நீர் பாயாது என்று உறுதியாகச் சொல்லலாம். மடை திறந்திருந்தாலோ, 'தெரியாது' என்பதே சரியான விடையாகும்.

1970-இல் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த காட் என்பவர், தகவல்களை அட்டவணைகளாக அமைக்கும் உறவுசார் தரவுத்தள முறையை வெளியிட்டார். இத்தகைய தளங்களில் நிரப்பப்படாத கட்டத்துக்கு 'நல்' என்று பெயர். அது 'இல்லை' அன்று. 'தெரியாது' என்பதற்கு ஒப்பானது.

2022-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம், அரசுப் பள்ளியில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை பயின்று உயர்கல்வி சேரும் மாணவியருக்கு மாதம் ரூ.1,000 வழங்குவது. ஒரு கல்லூரி 40 மாணவியரின் பட்டியலில் 'அரசுப் பள்ளியில் பயின்றவரா?' என்று ஒரு பத்தி வைப்பதாகக் கற்பனை செய்வோம். 25 பேருக்கு 'ஆம்', 10 பேருக்கு 'இல்லை', 5 பேருக்கு வெற்றிடம். 'ஆம்' எனக் குறித்தவர்களைக் கேட்டால் கணிப்பொறி 25 பேரைத் தரும். 'ஆம்' அல்லாதவர்களைக் கேட்டால் 15 அன்று, 10 பேரையே தரும்! 'தெரியாது' என்பதை எதிர்மறை ஆக்கினாலும் 'தெரியாது' என்றே நிற்குமல்லவா? ஐவரும் இரு பட்டியலிலும் இல்லை.

இன்னொரு பொறியும் உண்டு. ஜாவா மொழியில் எழுதிய நிரல், ஜேடிபிசி என்னும் இடைமுகத்தின் 'கெட்பூலியன்' கட்டளையால் அக்கட்டத்தைப் படித்தால், வெற்றிடத்துக்கும் 'பொய்' என்றே விடை வரும். படித்த உடனே 'வாஸ்நல்' என்னும் கட்டளையால், கட்டம் வெறுமையாக இருந்ததா என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால், தகுதியுள்ள ஒரு மாணவி உதவித்தொகையை இழக்க நேரிடலாம். 'இக்கட்டம் வெறுமையாக இருக்கலாகாது' என்று அட்டவணையிலேயே விதி வகுப்பது மற்றொரு வழி. ஆனால் அதற்காக, விடை தெரியாதபோது 'இல்லை' என்று நிரப்பிவிடலாகாது. மாணவியைக் கேட்டே நிரப்ப வேண்டும்.

மாணவர்களே, ஒரு கணக்கு: வாய்க்கால் நீர், கிணற்று நீர் இரண்டில் ஒன்று வந்தாலும் போதும். கிணற்று நீர் வருகிறது. வாய்க்கால் நீர் பற்றித் தெரியாது. கொடிக்காலுக்கு நீர் உண்டா?