நேரடி விற்பனையில் பணம் பெறும் முறைகள்

காய்கறி, கீரை, பழம், செக்கு எண்ணெய், நாட்டுச் சர்க்கரை ஆகியவற்றை இடைத்தரகர் இன்றித் தாமே விற்கும் சிறு விவசாயிகள் இன்று பல ஊர்களிலும் உள்ளனர். 1999ஆம் ஆண்டு நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டபோது தராசுத் தட்டின் அருகே சில்லறைப் பெட்டி ஒன்று இருந்தால் போதும். இன்று ஒரு கட்டுக் கீரை வாங்குபவரும் கைபேசியை நீட்டுகிறார். ரொக்கம்தான் வேண்டும் என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார். ஆகவே கைபேசி வழிப் பணத்தை ஏற்பதா வேண்டாமா என்ற கேள்விக்கு இனி இடமில்லை. எந்த விற்பனைக்கு எந்த முறை என்பதே இப்போதுள்ள கேள்வி. நஞ்சைக்கும் புஞ்சைக்கும் ஒரே ரகத்தை யாரும் விதைப்பதில்லை.

சில்லறை விற்பனைக்கு

சந்தையிலும் வீட்டு வாசலிலும் விற்பவர்களுக்கு யு.பி.ஐ. முறையே ஏற்றது. இந்திய தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் 2016இல் கொண்டுவந்த இம்முறையில் வாங்குபவரின் வங்கிக் கணக்கிலிருந்து விற்பவரின் கணக்கிற்குப் பணம் நேராகச் சேர்ந்துவிடும். வங்கிக் கணக்கிலிருந்து இவ்வாறு வரும் பணத்திற்கு விற்பவரிடம் கட்டணம் பிடிக்கக் கூடாது என்பது 2020 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. எனவே 20 ரூபாய்க்கு விற்றால் 20 ரூபாயும் கைக்கு வரும்.

இதற்கான கட்ட அட்டையை, அதாவது மக்கள் ‘ஸ்கேனர்’ என்று சொல்லும் அட்டையை, கணக்குள்ள வங்கிக் கிளையிலேயே கேட்டுப் பெறுவது நல்லது. கூடவே தரப்படும் ஒலிப்பெட்டிக்கு மாத வாடகை உண்டா, எதிலிருந்து பிடிப்பார்கள் என்பதைக் கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டும். மாதம் 100 ரூபாய் வாடகை என்றால் ஆண்டுக்கு 1,200 ரூபாய். தினமும் சந்தைக்கு வருபவருக்கு இது பாரமில்லை. ஆண்டில் இரண்டு மாதம் மட்டும் மாம்பழம் விற்பவருக்கு வீண் செலவு.

சாதாரணப் பொத்தான் கைபேசி வைத்திருப்பவரும் அட்டையை மாட்டிப் பணம் பெறலாம். பணம் கணக்கில்தான் சேருகிறது, கைபேசியில் அன்று. ஆனால் சில வங்கிகள் சிறு தொகைகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவதில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு ஒலிப்பெட்டி அவசியமாகிறது. தாமே பணம் அனுப்ப வேண்டியிருந்தால், 2022 மார்ச்சில் தொடங்கப்பட்ட யு.பி.ஐ. 123 பே என்ற வசதி பொத்தான் கைபேசியிலும் இயங்கும்.

மண்டிக்கும் மொத்த வியாபாரிக்கும்

மூட்டைக் கணக்கில் விற்கும்போது கதை வேறு. தனிநபர்களுக்கிடையே யு.பி.ஐ. வழியாக அனுப்பும் தொகைக்குப் பொதுவாக நாளொன்றுக்கு 1 லட்சம் ரூபாய் என்ற வரம்பு உண்டு. அதற்கு மேல் வரவேண்டிய தொகைக்கு வங்கி மாற்று முறைகளே பொருந்தும். நெஃப்ட் முறையில் அரை மணிக்கு ஒருமுறை கணக்குகள் தீர்க்கப்படுகின்றன; 2019 டிசம்பர் முதல் ஞாயிறு, விடுமுறை, இரவு என்ற பேதமில்லை. 2 லட்சத்திற்கு மேற்பட்ட தொகைக்கு ஆர்.டி.ஜி.எஸ். முறை உள்ளது. ஐ.எம்.பி.எஸ். முறையில் 5 லட்சம் வரை உடனே வரும். ஆகவே ‘இன்று வங்கி லீவு, திங்கள் அன்று போட்டுவிடுகிறேன்’ என்று வியாபாரி சொன்னால், அது வங்கி சொல்லும் காரணமன்று, வியாபாரி சொல்லும் காரணம்.

கணக்கு எண்ணை வாய்மொழியாகச் சொல்வது தவறு. ஓர் இலக்கம் பிசகினால் பணம் வேறு யாருக்கோ போய்விடும். பாஸ் புத்தகத்தின் முதல் பக்க நகலைக் கொடுத்தால் போதும். ஏ.டி.எம். அட்டையைப் படமெடுத்து அனுப்பவே கூடாது.

காசோலை இன்னும் சில மண்டிகளில் வழக்கில் உள்ளது. 2025 அக்டோபர் முதல் காசோலைகளை அன்றன்றே தீர்க்கும் முறை வந்திருப்பதால் பழைய காத்திருப்பு குறைந்திருக்கிறது. ஆனால் பணமில்லாத காசோலை அன்றும் திரும்பும், இன்றும் திரும்பும். திரும்பியதாக வங்கி தெரிவித்த 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்பினால்தான் சட்டப்படி வழக்குத் தொடர முடியும். பலர் ‘அடுத்த வாரம் தருகிறேன்’ என்ற சொல்லை நம்பி இந்தக் கெடுவைத் தவற விடுகின்றனர்.

வெளியூர் வாடிக்கையாளருக்கு

தொலைபேசியில் சொல்லி மாம்பழப் பெட்டியும் நல்லெண்ணெயும் வரவழைப்போர் பெருகியுள்ளனர். இவர்களிடம் முன்பணம் பெற்று அனுப்புவதே முறை. பொருள் சேர்ந்தபின் பணம் என்பது அழுகும் பொருளுக்கு ஆகாது. வாங்க மறுத்தால் பெட்டி திரும்பி வருவதற்குள் பழம் வீணாகிவிடும். போகவர இரண்டு கூலியும் விவசாயி தலையில் விழும்.

கடன் அட்டை முதலிய எல்லா வகையிலும் பணம் வாங்கித் தருவதாகச் சில இடைநிலை நிறுவனங்கள் முன்வருகின்றன. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 600 ரூபாய்ப் பெட்டிக்கு 2 விழுக்காடு கட்டணம் என்றால் 12 ரூபாய். 100 பெட்டி விற்றால் 1,200 ரூபாய் போய்விடும். பணமும் உடனே வராது; பெரும்பாலும் ஓரிரு வேலை நாட்கள் கழித்தே கணக்கில் சேரும். மேலும், பழம் கெட்டுவிட்டது என்று அட்டைக்காரர் தம் வங்கியில் முறையிட்டால் பணம் திரும்ப எடுக்கப்படலாம். ஆண்டு முழுதும் ஏராளமான ஊர்களுக்கு அனுப்புபவருக்கே இது கட்டுப்படியாகும். மற்றவர்களுக்கு யு.பி.ஐ. முன்பணம் போதும்.

தனிக் கணக்கு தேவை

இதைப் பலரும் அசட்டை செய்கின்றனர். மானியம், பிரதமர் கிசான் உதவித்தொகை, பயிர்க் கடன் எல்லாம் வரும் அதே கணக்கைச் சந்தை அட்டையிலும் இணைத்துவிடுகின்றனர். எங்கோ ஒருவரை ஏமாற்றிப் பறித்த பணத்தில் 40 ரூபாய்க்கு ஒருவன் கத்தரிக்காய் வாங்கினாலும், காவல் துறையின் விசாரணை அந்தப் பணம் சென்ற தடத்தைப் பிடித்து வரும். அப்போது அக்கணக்கு முடக்கப்படக்கூடும். உரம் வாங்க வைத்திருந்த பணத்தை நடவு நேரத்தில் எடுக்க முடியாமல் நிற்பது சிறிய தொல்லையன்று.

ஆகவே விற்பனைக்கென ஒரு கணக்கைத் தனியே திறந்து, அதில் பணத்தைச் சேர விடாமல் விதை, கூலி, வண்டி வாடகை ஆகியவற்றை அதிலிருந்தே செலவிட வேண்டும். முழு அடையாள ஆவணம் இன்றித் திறந்த ‘சிறு கணக்கு’ இதற்குப் பயன்படாது. அதில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய்க்கு மேல் வரவு வைக்க முடியாது. இருப்பும் 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது.

கணக்கு முடங்கினால் வங்கியில் எழுத்து மூலம் மனுக் கொடுத்து, எந்தக் காவல் நிலையம், என்ன புகார் எண் என்று கேட்டுப் பெற வேண்டும். அன்று விற்ற சரக்கின் பில் நகலே அப்போது உதவும். 50 ரூபாய் பில் புத்தகம் ஒன்றைக் கடையில் வைத்திருப்பதில் சிரமம் ஏதுமில்லை.

‘5,000 ரூபாய் அனுப்புகிறேன், ரொக்கமாகத் தாருங்கள்’ என்று கேட்கும் அறிமுகமற்றவர்களுக்கு இடம் கொடுக்கக் கூடாது. திருட்டுப் பணத்தை வெளுக்கும் வழிகளில் இதுவும் ஒன்று.

வரிக்கு அஞ்சி அட்டையைக் கழற்றலாமா?

2025 ஜூலையில் கர்நாடகத்தில் யு.பி.ஐ. வரவுகளைக் கொண்டு சிறு வியாபாரிகளுக்கு வரித் துறையினர் அறிவிப்பு அனுப்பியதும், பலர் அட்டையை எடுத்துவிட்டு ரொக்கத்திற்குத் திரும்பினர். தம் நிலத்தில் பயிரிட்டு விளைந்ததை விற்கும் விவசாயி அவ்விற்பனைக்கு ஜி.எஸ்.டி. பதிவு பெறத் தேவையில்லை. சட்டத்தின் 23ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. பிறரிடம் வாங்கி விற்பவர், எண்ணெய் ஆட்டி விற்பவர் நிலை வேறு. எப்படியாயினும் மைத்துனர் கொடுத்த கைமாற்றும் காய் விற்ற பணமும் ஒரே கணக்கில் கலந்தால் பிரித்துக் காட்டுவது கடினம். தனிக் கணக்கு இங்கும் கைகொடுக்கும்.

ஏமாறாதிருக்க

பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. ‘பணம் அனுப்ப இந்தக் கட்டத்தை ஸ்கேன் செய்து எண்ணைப் போடுங்கள்’ என்று யாராவது சொன்னால் அவர் பணம் எடுக்கப் பார்க்கிறார் என்று பொருள். ராணுவ முகாமுக்கு மொத்தமாகக் காய் வேண்டும் என்று பேசி இவ்வாறு பறிப்பதுண்டு. வாங்குபவர் தம் கைபேசியில் காட்டும் பச்சைக் குறியும் சான்றாகாது. போலியாக அப்படிக் காட்டும் செயலிகள் உள்ளன. ‘500க்குப் பதில் 5,000 அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்புங்கள்’ என்று கெஞ்சுபவரிடம், அவருடைய வங்கியில் எழுதிக் கொடுக்கச் சொல்ல வேண்டும். கடை திறந்ததும் அட்டையின் மேல் வேறு அட்டை ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்து, 1 ரூபாய் அனுப்பச் சொல்லிச் சோதிப்பது நல்ல பழக்கம்.

பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணுக்குத் தொலைபேசி செய்ய வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்கு முன் தெரிவித்தால் நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. வங்கியிலும் அன்றே எழுத்து மூலம் புகார் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகைச் சீட்டைப் பெற்றுக்கொள்ள வேண்டும்.