லூஸ்! ஒரு சொல், பல வேலை

தையல்காரரிடம், "சட்டை கொஞ்சம் லூசாக இருக்கட்டும்" என்கிறோம்.

மளிகைக் கடையில், "பாக்கெட் வேண்டாம், லூசில் கொடுங்கள்" என்கிறோம். வயிறு கெட்டால் டாக்டரிடம், "லூஸ் மோஷன்" என்கிறோம்.

ஆங்கிலம் படிக்காதவர்களுக்கும் தெரிந்த ஆங்கிலச் சொல் இது. தளர்ந்தது, கட்டில்லாதது என்று பொருள். வைக்கிங்குகள் என்ற கடலோடிகள் இங்கிலாந்தில் குடியேறியபோது, அவர்களுடைய பேச்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது.

இதை எழுதும்போதுதான் தகராறு! "லூஸ்" என்பதற்கு "ஓ" எழுத்து இரண்டு. ஒரு "ஓ"வை விட்டுவிட்டால் "இழந்துவிடு" என்று பொருள் மாறிவிடும். முதல் சொல்லின் முடிவில் பாம்பு சீறுவது போன்ற ஓசை. இரண்டாவதில் வண்டு ரீங்காரம். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். பிள்ளைகள் பரீட்சையில் தடுமாறுவதில் வியப்பில்லை.

உருண்ட பீரங்கி

பழைய போர்க்கப்பல்களில், சக்கரம் வைத்த பீரங்கிகளைக் கயிற்றால் கட்டி வைத்திருப்பார்கள். கயிறு அறுந்தால் தீர்ந்தது! கப்பல் ஆட ஆட, பீரங்கி உருண்டு சொந்த ஆட்களையே நசுக்கும். பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹியூகோ 1874-ல் வெளியிட்ட "தொண்ணூற்று மூன்று" நாவலில் இப்படி ஒரு காட்சி உண்டு. எப்போது என்ன செய்வார் என்று சொல்ல முடியாத மனிதரை, ஆங்கிலத்தில் "அவிழ்ந்த பீரங்கி" என்பார்கள்.

"போடா லூசு!"

இது நம் ஊர்ச் சரக்கு. "அவனுக்கு ஒரு திருகாணி லூஸ்" என்பது ஆங்கில வழக்கு. நாமும் "மறை கழன்றவன்" என்கிறோம். நம்மவர்கள் திருகாணியை விட்டுவிட்டு, லூசை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். லண்டனில் ஒருவரை வெறும் "லூஸ்" என்று திட்டினால், அவருக்குக் கோபம் வராது, புரியாது. இங்கே, மனநோயாளி இருக்கும் வீட்டாருக்கு நன்றாகவே புரியும், சுருக்கென்று தைக்கும்.

எண்ணெயில் எமன்

1998-ல் டில்லியில் பலருக்குக் கால் வீங்கியது, மூச்சுத் திணறியது. 60 பேருக்கு மேல் இறந்தார்கள். காரணம், சமையலுக்கு வாங்கிய கடுகு எண்ணெய். அதில் பிரம்மதண்டு விதையின் விஷ எண்ணெய் கலந்திருந்தது! அதே ஆண்டில் மத்திய அரசு உத்தரவு போட்டது: சமையல் எண்ணெயை லூசில் விற்கக் கூடாது, அடைத்துத்தான் விற்க வேண்டும்.

பருப்புக்கும் மிளகாய்க்கும் அந்த உத்தரவு இல்லை.