தறிச் சத்தத்துக்கு நடுவே ச... ரி... க... ம...! பாட்டு டீச்சர் ஆவது லேசா?

அம்மையார்குப்பத்தில் விடிந்தால் தறிச் சத்தம்தான். தெருவுக்குத் தெரு விசைத்தறி. 'டடக்... டடக்...' என்று அது போடுகிற போட்டில், பக்கத்தில் நின்று பேசுகிறவர் சொல்வதே காதில் விழாது. இந்த ஊரில் ஒரு பெண் பாட்டுச் சாதகம் செய்ய வேண்டும் என்றால் எப்போது செய்வது? தறி ஓடாத நேரத்தில்தான். அதாவது, காக்கை எழுந்திருப்பதற்கு முன்னால்!

நெசவாளி வீட்டுப் பெண் ஒருத்தி, பத்தாவது பாஸ் செய்தவள், "நான் பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சர் ஆகப் போறேன்" என்று வீட்டில் சொல்வதாக வைத்துக்கொள்வோம். பாவு நூலை இழுத்துக் கட்டிக்கொண்டிருக்கும் அப்பா தலையைத் தூக்குவார்.

"பாட்டு டீச்சரா? அதுக்கு என்னம்மா படிக்கணும்?"

"பரீட்சை எல்லாம் இருக்கு நைனா."

"சரி, படிச்சா வேலை குடுப்பாங்களா?"

இரண்டுமே நியாயமான கேள்விகள். முதல் கேள்விக்குப் பதில் இருக்கிறது. இரண்டாவது கேள்விதான் தொண்டையில் முள்ளாக நிற்கும். அதற்குப் பிறகு வருவோம்.

கல்கண்டு கதை

திருத்தணிச் சீமையில் இருந்துகொண்டு, "நமக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று யாரும் கேட்க முடியாது. கர்நாடக சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் முதன்முதலாகப் பாட்டு இயற்றியது இந்த மலையில்தான். கிழவர் உருவத்தில் வந்த முருகன் அவர் வாயில் கல்கண்டைப் போட்டார், உடனே பாட்டுப் பிறந்தது என்பது கர்ண பரம்பரைக் கதை. கதையை நம்புகிறவர்கள் நம்பலாம். ஆனால் அந்த முதல் பாட்டு எந்த ராகம் தெரியுமா? மாயாமாளவகௌளை! பாட்டுக் கற்கும் குழந்தை முதல் நாள் 'ச ரி க ம' என்று வாயைத் திறக்கிறதே, அந்தச் சரளி வரிசையும் இதே ராகம்தான். புரந்தரதாசர் காலத்திலிருந்து வருகிற வழக்கம் இது. பெரிய வித்வான் ஆரம்பித்த இடமும், ஒன்றும் தெரியாத குழந்தை ஆரம்பிக்கிற இடமும் ஒன்று.

ஆசிரியர் வேலைக்கும் இந்த ஊருக்கும் உறவு உண்டு. ஆசிரியர் தினம் யார் பிறந்த நாள்? டாக்டர் ராதாகிருஷ்ணன் பிறந்த நாள். 1888-ம் வருடம் செப்டம்பர் 5-ந் தேதி அவர் பிறந்த ஊர் திருத்தணி!

டிசம்பர் 31-ந் தேதி ராத்திரி திருத்தணிக்குப் போனால் இன்னொரு காட்சி. மலைக்கு ஏறும் 365 படிகளுக்கும் படி பூஜை, கோஷ்டி கோஷ்டியாகத் திருப்புகழ் பஜனை. வெள்ளைக்காரத் துரைக்குப் புத்தாண்டு சலாம் போடுவதற்குப் பதிலாக முருகனைக் கும்பிடுவோம் என்று வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் 1917-ல் தொடங்கி வைத்தது. திருப்புகழின் சந்தத்தில் தாளம் தவறினால் பாட்டே கவிழ்ந்துவிடும். அந்தக் கோஷ்டியில் நாலு வருடம் ஜால்ரா தட்டிய பிள்ளைக்குத் தாளத்தைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

வழி எது?

சரி, படிப்புக்கு வருவோம்.

ஊரில் பாட்டுத் தெரிந்த ஒருவரிடம் கற்றுக்கொண்டு, அரசுத் தேர்வுத் துறை நடத்தும் தொழில்நுட்பத் தேர்வை எழுதுவது ஒரு வழி. 'லோயர் கிரேடு', 'ஹையர் கிரேடு' என்று இரண்டு படிகள். சரளி, ஜண்டை, அலங்காரம், கீதம், வர்ணம் என்று ஏறிக்கொண்டே போக வேண்டும். பாடிக் காட்டினால் மட்டும் போதாது. ஏழு தாளம் ஐந்து ஜாதியால் எப்படி முப்பத்தைந்து தாளம் ஆகிறது, 72 மேளகர்த்தா எப்படிப் பிரிகிறது என்று எழுதியும் காட்ட வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், இதே தொழில்நுட்பத் தேர்வு வரிசையில் ஓவியம், தையல் போலக் கைத்தறி நெசவும் ஒரு பாடம்! பாட்டுக்கும் தறிக்கும் சர்க்கார் ஒரே பெஞ்சில் இடம் போட்டிருக்கிறது. அப்பா நினைத்தால் மகளோடு சேர்ந்து அவரும் பரீட்சை எழுதலாம்.

இன்னொரு வழி காஞ்சீபுரம். அங்கே மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் என்று மூன்று வருடப் படிப்பு. பன்னிரண்டு வயதிலிருந்து இருபத்தைந்து வயது வரை சேரலாம். திருத்தணிக்கு வந்து, அரக்கோணம் வழியாகப் போக வேண்டும்.

பட்டணத்துக்குப் போகத் துணிந்தால் சென்னை அரசு இசைக் கல்லூரி. திருத்தணியில் மின்சார ரயில் ஏறி, ஏறக்குறைய 85 கிலோமீட்டர் தாண்டி சென்ட்ரலில் இறங்கி, பார்க் டவுனில் பறக்கும் ரயில் பிடித்து, கிரீன்வேஸ் ரோடு. அடையாற்றங்கரையில் கோட்டை மாதிரி வெள்ளை மாளிகை. ஜேம்ஸ் பிராடி என்ற கம்பெனிக்காரர் கட்டிய வீடு அது. பாவம், அவரே பிறகு அடையாற்றில் படகு கவிழ்ந்து இறந்தார். 1949-ல் மத்திய கர்நாடக சங்கீதக் கல்லூரி என்ற பெயரில் தொடங்கிய இந்தக் கல்லூரிக்கு முசிரி சுப்பிரமணிய ஐயர் முதல் முதல்வர். பெரிய பாடகர் அவர். அப்படிப்பட்டவர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல உட்கார்ந்தார்.

அதற்கும் முன்னால் 1931-லேயே மியூசிக் அகாடமி, பாட்டு ஆசிரியர்களைத் தயார் செய்வதற்கென்றே ஒரு கல்லூரி தொடங்கிவிட்டது. முதல்வராக இருந்தவர் 'டைகர்' வரதாச்சாரியார். 'பாடத் தெரிந்தால் போதாது, சொல்லிக்கொடுக்கவும் தெரிய வேண்டும்' என்பதை அப்போதே புரிந்துகொண்டிருக்கிறார்கள். பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி இன்னும் ஒரு படி மேலே போய், இசையை எப்படிக் கற்பிப்பது என்று ஆங்கிலத்தில் தனிப் புத்தகமே எழுதினார்.

கத்திரி வெயிலில் 42 நாள்

கிரேடு பாஸ் செய்தாயிற்று. உடனே டீச்சர் ஆகிவிடலாமா? முடியாது. 'டி.டி.சி.' என்கிற தொழிலாசிரியர் சான்றிதழ் வேண்டும். இதற்குக் கோடை விடுமுறையில் 42 நாள் பயிற்சி. அதாவது கத்திரி வெயிலில்! திருத்தணிப் பக்கத்து மே மாதம் எப்படி என்று ரேடியோவில் வெயில் கணக்குக் கேட்பவர்களுக்குத் தெரியும். நூறு டிகிரி எல்லாம் அங்கே சர்வ சாதாரணம்.

இந்தப் பயிற்சியில்தான் பாட்டுக்காரி டீச்சராக மாற வேண்டும். மேடையில் பாடுகிறவருக்குத் தன் சுருதி ஒன்றுதான் கவலை. வகுப்பில் நாற்பது பிள்ளைகள், நாற்பது சுருதி! டீச்சர் தனக்குச் சௌகரியமான கட்டையில் ஆரம்பித்தால் பாதிப் பிள்ளைகளுக்கு எட்டாது. பிள்ளைகளுக்கு எட்டுகிற இடத்தைத் தேடிப் பிடித்து, அங்கே தான் போய்ப் பாட வேண்டும்.

எட்டாவது, ஒன்பதாவது பையன்கள் பாடு இன்னும் கஷ்டம். போன வருஷம் குயில் மாதிரி பாடினவன் இந்த வருஷம் வாயைத் திறந்தால் தகர டப்பா உருளும். குரல் உடைகிற வயசு. வகுப்பே சிரிக்கும். அந்த நேரத்தில் "கத்துடா" என்று அதட்டினால் அந்தப் பையன் ஆயுசுக்கும் பாட மாட்டான். அவன் கையில் தாளத்தைக் கொடுத்து உட்கார வைக்கிற டீச்சர் கெட்டிக்கார டீச்சர். ஒரு தட்டு, மூன்று விரல், தட்டு-வீச்சு, தட்டு-வீச்சு. ஆதி தாளம், எட்டு எண்ணிக்கை. குரல் திரும்பி வரும் வரைக்கும் அவன் வகுப்பில் இருக்கிறான் அல்லவா?

எல்லைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு லாபம் உண்டு. திருத்தணி வட்டாரம் 1911 முதல் சித்தூர் ஜில்லாவோடு இருந்தது. ம.பொ.சி. முதலானவர்கள் போராடி, 1960 ஏப்ரல் 1-ந் தேதிதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. கடைத்தெருவில் இன்றைக்கும் பாதித் தமிழ், பாதித் தெலுங்கு. தியாகராஜர் கீர்த்தனையின் அர்த்தம் புரியாமல் திண்டாடுகிற நிலை இங்கே வளர்ந்த பெண்ணுக்கு வராது. தேவாரமும் திருப்புகழும் ஏற்கெனவே காதில் இருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டால் பட்டணத்துப் பிள்ளைகளுக்குச் சளைக்க வேண்டியதில்லை.

86 இடம்!

இப்போது அப்பாவின் இரண்டாவது கேள்வி. வேலை?

முன்பெல்லாம் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். தலை நரைத்த பிறகு கார்டு வந்த கதைகள் உண்டு. பிறகு எழுத்துத் தேர்வு வந்தது. 2017-ல் ஆசிரியர் தேர்வு வாரியம் சிறப்பாசிரியர் பணிக்கு 1,325 இடங்களை அறிவித்தது. உடற்கல்வி, ஓவியம், தையல் எல்லாம் போக, இசைக்கு எத்தனை? 86. மாநிலம் முழுவதற்கும் சேர்த்து எண்பத்தாறு! மேளகர்த்தா ராகம் 72 என்றால், வேலை அதைவிடப் பதினாலுதான் கூட.

அதற்கு முன்பே, 2012-ல், பகுதி நேர ஆசிரியர்களாக 16,549 பேரைச் சர்க்கார் எடுத்தது. ஆறிலிருந்து எட்டு வரை வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கலை, உடற்கல்வி, தொழில் கல்விக்கு ஆள் வேண்டும் என்று 2009-ம் வருடத்துக் கல்வி உரிமைச் சட்டம் சொன்னதால் வந்த வேலை. பாட்டு டீச்சர்களும் அதில் உண்டு. வாரத்துக்கு மூன்று அரை நாள். தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய். படிப்படியாக ஏறி 2021-ல் 10,000 ஆயிற்று. 12,500 ஆக்குவதாக 2023-ல் அறிவிப்பு வந்தது. "நிரந்தரம் செய்யுங்கள்" என்று அவர்கள் சென்னைக்கு வந்து எத்தனை முறை உட்கார்ந்தார்கள் என்பதை இந்த ஊர் ரோடுகளே சொல்லும். பத்து வருடத்துக்கு மேல் சொல்லிக்கொடுத்தவரை இன்னும் 'பகுதி' என்று கூப்பிடுவது நன்றாக இல்லை.

பட்டதாரிகளுக்கு மத்திய சர்க்கார் பள்ளி ஒரு வாசல். கேந்திரிய வித்யாலயாக்களில் தொடக்கப் பள்ளி இசை ஆசிரியருக்கென்றே பணியிடம் இருக்கிறது. 2022-ல் இந்தியா முழுவதற்கும் 303 இடங்கள் அறிவித்தார்கள். ஆனால் பிளஸ் டூவோடு இசையில் பட்டம் வேண்டும். இந்தியிலும் இங்கிலீஷிலும் பாடம் நடத்தத் தெரிய வேண்டும். தனியார் பள்ளிகளில் இடம் கிடைக்கும், சம்பளத்தைப் பற்றி மட்டும் முதலிலேயே வாய் திறந்து பேசிக்கொள்வது நல்லது.

வேலை கிடைத்தாலும் பாட்டு டீச்சருக்குப் பழைய தலைவலி ஒன்று உண்டு. பரீட்சை நெருங்கினால் முதலில் பறிபோவது பாட்டு பீரியட்தான். "டீச்சர், இன்னைக்கு மட்டும் கணக்குக்கு விட்டுடுங்களேன்" என்று ஆரம்பிக்கும். 'இன்னைக்கு மட்டும்' என்பது மார்ச் மாதம் முடிகிற வரைக்கும் ஓடும்.

55 விநாடி

ஆனால் பாட்டு டீச்சர் இல்லாத பள்ளிக்கூடத்தைக் காலைக் கூட்டத்தில் கண்டுபிடித்துவிடலாம். தமிழ்த்தாய் வாழ்த்து ஒரு வரிசையில் வேகமாக ஓடும், இன்னொரு வரிசையில் பின்தங்கும். கடைசி வரியில் எல்லோரும் ஒரு வழியாகச் சந்திப்பார்கள்!

மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை எழுதி, எம்.எஸ்.விசுவநாதன் மெட்டமைத்த அந்தப் பாட்டை 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவித்தபோது சர்க்கார் சில விதிகளையும் சொன்னது. மோகன ராகம், மூன்றன் நடை, 55 விநாடி. இசைத்தட்டைச் சுழல விடாமல், பயிற்சி பெற்றவர்கள் வாயால் பாட வேண்டும் என்பதும் அதில் உண்டு. பயிற்சி பெற்றவர்கள் என்றால், பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பது யார்? அறிவியல் வாத்தியாரா?

அம்மையார்குப்பத்து அப்பா கணக்குப் போடுகிற ஆள். தறியில் ஒரு இழை அறுந்தால் எவ்வளவு நேரம் போகும் என்று தெரிந்தவர். 86 இடம், 42 நாள், மூன்று அரை நாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்.

"டிகிரியும் சேத்துப் படிச்சிடு. ரெண்டு கதவு திறந்திருக்கட்டும்."

"சரி நைனா."

"காலையில எத்தனை மணிக்குப் பாடுவே?"

"நாலரைக்கு. தறி போடறதுக்கு முன்னாடி."

"ஆறு மணி வரைக்கும் பாடு. அதுக்கப்புறம்தான் சுவிட்சுல கை வைப்பேன்."