அப்பாவின் கண்ணும் டபிள்யூ.கே. அலமாரியும்!

1996-ம் வருஷம். சென்னையில் ஒரு மருத்துவக் கல்லூரி நூலகத்தில் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றேன். எனக்கும் மருத்துவத்துக்கும் அதுவரை இருந்த ஒரே சம்பந்தம் தலைவலித் தைலம்!

விஷயம் அப்பாவின் கண். பார்வையில் கறுப்புப் புள்ளிகள் மிதந்தன. கண் டாக்டர் சீட்டில் 'டி.ஆர்.' என்று கிறுக்கி, "லேசர் வைக்கணும். போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாத்தலாம்" என்றார். எனக்குத் தெரிந்த டி.ஆர். சினிமாவில் அடுக்குமொழி பேசுகிறவர்தான்.

அப்பாவோ, "கண்ணாடி நம்பரை மாத்தினா சரியாயிடும்டா. லேசராம், கீசராம்!" என்று சாய்வு நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

எதிர்வீட்டு ஹவுஸ் சர்ஜன் பையன் என்னை நூலகத்துக்குள் விட்டுவிட்டு டியூட்டிக்கு ஓடிப்போனான். கண்ணுக்கு 'டபிள்யூ.டபிள்யூ.' என்று போட்டிருந்தது. ஏதோ குஸ்தி கிளப் மாதிரி இருக்கிறதே என்று நினைத்தபடி அலமாரியைக் குடைந்தேன். கண்புரை இருந்தது, மாறுகண் இருந்தது. அப்பாவின் வியாதி மட்டும் இல்லை.

நூலகர் சீட்டை வாங்கிப் பார்த்தார். "இது டபிள்யூ.கே. தம்பி. அந்தப் பக்கம் போங்க."

"அது நாளமில்லாச் சுரப்பின்னு போட்டிருக்கே சார்... எனக்குக் கண்ணு வேணும்!"

"அப்பாவுக்கு சர்க்கரை உண்டா?"

"பதினஞ்சு வருஷமா உண்டு. அதை இப்ப யாரு கேட்டாங்க?"

"புத்தகம் கேக்குதே!" என்றார் அவர்.

அப்புறம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வைத்துப் பாடமே நடத்திவிட்டார். அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தன் புத்தகங்களை ஆங்கில எழுத்து வாரியாகப் பிரித்தபோது க்யூ.எஸ். முதல் க்யூ.இசட். வரையும், டபிள்யூ. முழுவதும் காலியாக இருந்ததாம். அந்தக் காலி மனையில் அங்குள்ள ராணுவ மருத்துவ நூலகம் வீடு கட்டிக்கொண்டது. 1951-ல் முதல் பதிப்பு. 1956-ல் அந்த நூலகமே தேசிய மருத்துவ நூலகமாகிவிட்டது.

க்யூ. பக்கம் அடிப்படைப் பாடங்கள். க்யூ.எஸ். உடற்கூறு, க்யூ.வி. மருந்தியல். டபிள்யூ. பக்கம் வைத்தியம். டபிள்யூ.இ. எலும்பும் தசையும், எஃப். நுரையீரல், ஜி. இதயம், ஐ. வயிறும் குடலும், எல். நரம்பு, எம். மனசு. நடுவே குழந்தைகளுக்கு எஸ்., முதியவர்களுக்கு டி. கடைசியாக டபிள்யூ.இசட்., மருத்துவ வரலாறு. எல்லோரும் கடைசியில் சரித்திரமாகிவிட வேண்டியதுதானே!

"சிக்கல் எங்க தெரியுமா? கெடுறது கண்ணு, கெடுக்கறது சர்க்கரை. ஒரு புத்தகத்தை ரெண்டு அலமாரியிலயா வைக்க முடியும்? அதான் காரணம் எங்கயோ, அங்க வெச்சுட்டாங்க. சர்க்கரை நோய் டபிள்யூ.கே. 810. அது இழுத்துட்டு வர்ற வில்லங்கமெல்லாம் 835. கண்ணு, சிறுநீரகம், கால் புண்ணு... எல்லாம் ஒரே தட்டுல!"

"கண்ணுன்னு தேடி வர்றவன் என்ன சார் பண்ணுவான்?"

"அதுக்குத்தான் கார்டு கேட்லாக். கண்ணுன்னு பார்த்தாலும் சர்க்கரைன்னு பார்த்தாலும் ஒரே புத்தகத்துக்கு வழி சொல்லும். நீங்கதான் அதைத் தொடாம அலமாரிக்கு ஓடிட்டீங்க!"

நம் சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதனைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரலில் தனிப் பெருமை. சென்னைப் பல்கலைக்கழக நூலகரான ரங்கநாதன் லண்டன் கடையொன்றில் மெக்கானோ பொம்மையைப் பார்த்தாராம். துண்டுகளைக் கோத்து எதை வேண்டுமானாலும் செய்யலாம். அதே மாதிரி உறுப்பு, வியாதி, சிகிச்சை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண் கொடுத்து, கோத்துக்கொள்ள வழி செய்தார். அதுதான் 1933-ல் வந்த கோலன் பகுப்பு முறை.

வீட்டுக்கு வந்தேன். "அப்பா, உங்க கண்ணு புத்தகம் கண்ணு அலமாரியில இல்ல. சர்க்கரை அலமாரியில இருக்கு."

அப்பா நிமிர்ந்தார். தாலுகா ஆபீஸில் முப்பது வருஷம் ரெக்கார்டு கீப்பராக இருந்தவர். டாக்டர் சொல்லியும் அசையாதவர், கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டு, "ஃபைலை அங்க வெச்சிருக்கான்னா காரணம் இல்லாம இருக்காதுடா..." என்றார்.

மறுநாளே லேசருக்குக் கிளம்பிவிட்டார். வலது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. இடது கண் நின்றது. 2009-ல் போய்ச் சேரும் வரை தினமும் பேப்பர் படித்தார்.

சர்க்கரை போடாத காபியை அம்மா நீட்டும்போது மட்டும் முகத்தைச் சுளித்து முணுமுணுப்பார்: "டபிள்யூ.கே.!"