ஒரு டன் கல் எவ்வளவு தாங்கும்?

2011 ஆகஸ்ட் 13, இரவு 8.45. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில், மாநிலக் கண்காட்சித் திடலில் சுகர்லேண்ட் இசைக்குழுவுக்காகக் கூட்டம் காத்திருந்தது. புயல் நெருங்குகிறது, ஆனாலும் நிகழ்ச்சி நடக்கும் என்று மேடையிலிருந்து அறிவித்தார்கள். அடுத்த நிமிடமே கூரைச் சட்டகம் விளக்குகளோடு பார்வையாளர்கள் மேல் சரிந்தது. 7 பேர் இறந்தனர். 50 பேருக்கு மேல் காயம்.

முந்திக்கொண்டு வந்தது காற்றுதான். இடிமேகத்திலிருந்து விழும் துளிகள் வழியிலேயே ஆவியாகிக் காற்றைக் குளிர்விக்கும். குளிர்ந்து கனத்த காற்று கீழே பாய்ந்து, தரையில் மோதி, நாலாபக்கமும் விரிந்து ஓடும். மேகம் இன்னும் சில கிலோமீட்டர் தள்ளி நிற்கும்போதே இது வந்து அறைந்துவிடும். அன்றைய வீச்சு மணிக்கு சுமார் 95 கி.மீ.

இயற்கையின் சீற்றம் என்று கோப்பை மூடியிருக்கலாம். மாநில அரசு அமர்த்திய தார்ன்டன் டொமாசெட்டி நிறுவனப் பொறியாளர்கள் மூடவில்லை. கட்டட விதிப்படி அந்த மேடை சுமார் 110 கி.மீ. காற்றைத் தாங்கியிருக்க வேண்டும். அதன் பிடிமானமோ, காற்று வீசும் திசையைப் பொறுத்து, வெறும் 40 முதல் 70 கி.மீ. வரைதான் தாங்கும் என்று கண்டார்கள். பாதி வேகம் என்றால் பாதிப் பலம் அல்ல. காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடியாக ஏறும். ஆகவே கால்வாசிப் பலம்!

கோளாறு மேடையை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பிகளின் மறுமுனையில் இருந்தது. தற்காலிக மேடைக்கு அஸ்திவாரம் கிடையாது. பக்கவாட்டில் சாயாமலிருக்க, சாலைத் தடுப்புக்கு வைக்கும் கான்கிரீட் கட்டைகளில் கம்பிகளைக் கட்டியிருந்தார்கள். அவை தரையில் சும்மா உட்கார்ந்திருந்தவை. காற்று இழுத்தபோது நகர்ந்துவிட்டன.

இங்கேதான் கண் ஏமாறுகிறது. ஒரு டன் கட்டையைப் பார்த்தால் அசைக்க முடியாதது போலத் தோன்றும். ஆனால் 45 பாகையில் சாய்ந்த கம்பி அதைப் பக்கவாட்டில் இழுப்பதோடு மேலேயும் தூக்குகிறது. தூக்கிய அளவுக்குத் தரையின் மேல் எடை குறையும், உராய்வும் குறையும். உராய்வுக் கெழு 0.4 என்று வைத்துக் கணக்குப் போட்டால், பக்கவாட்டில் 286 கிலோ இழுவை வந்ததுமே கட்டை வழுக்கும். தரை ஈரமானால் இன்னும் மோசம்.

எதிர்ப்பக்கத்துக் கணக்கையும் பார்ப்போம். மணிக்கு 72 கி.மீ. காற்று ஒரு சதுர மீட்டரில் சுமார் 25 கிலோ அழுத்தும். 6 மீட்டருக்கு 4 மீட்டர் எல்இடி திரை ஒன்றே 600 கிலோ வாங்கும். அதற்கு மட்டும் மூன்று கட்டை வேண்டும். இன்று மேடைக்கு மேடை திரை பெரிதாகிக்கொண்டே போகிறது. கட்டைகளை யாராவது எண்ணுகிறார்களா என்பது என் சந்தேகம்.

இதற்கான வழி தெரியாததல்ல. மேடை உச்சியில் காற்றுவேகமானி வைத்து, எந்த வேகத்தில் திரையையும் பக்கத் துணிகளையும் இறக்குவது, எந்த வேகத்தில் கூட்டத்தைக் கலைப்பது என்று முன்கூட்டியே எழுதி வைப்பார்கள். அந்த வேகம் வந்ததும் நிகழ்ச்சியை நிறுத்தும் அதிகாரம் ஒரே ஒருவரிடம் இருக்க வேண்டும். இண்டியானாபொலிஸில் அது யார் என்பதே தெளிவாக இல்லை என்று இன்னொரு விசாரணை சொன்னது. கடும் இடிமழை எச்சரிக்கையை வானிலைத் துறை 8.39-க்கு வெளியிட்டது, மேடை விழுந்தது 8.46-க்கு. ஏழு நிமிடத்தில் ஒரு திரையைக்கூடப் பத்திரமாக இறக்க முடியாது. ஆட்களை மேடையருகிலிருந்து நகர்த்தியிருக்கலாம்.